தைராய்டு குறைவும் உடல் எடையும்: முதலில் மாத்திரை, அப்புறம் தட்டு

தைராய்டு சுரப்பு குறைந்ததால் மட்டும் ஏறும் எடை, பெரும்பாலானவர்களுக்கு 2 கிலோவிலிருந்து 5 கிலோவுக்குள்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு கொழுப்பு இல்லை. உடம்பில் தேங்கிய உப்பும் நீரும்தான். காலையில் முகம் உப்பியிருப்பது, மோதிரம் இறுகுவது, கண்ணுக்குக் கீழே வீங்குவது எல்லாம் அதனால்தான். மாத்திரை ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கினால் இந்தப் பங்கு தானாக இறங்கும். 12 கிலோ, 15 கிலோ கூடியிருந்தால் மீதிக்குக் காரணம் சோறு, எண்ணெய், இனிப்பு, நடை குறைந்தது, தூக்கம் கெட்டது. அவற்றை மாத்திரை குறைக்காது.

அதனால் வேலை இரண்டு. எதை முதலில் செய்வது என்பது முக்கியம். மாத்திரை சரியாகாமலே பட்டினியில் இறங்கினால், இருக்கிற சோர்வும் மலச்சிக்கலும் தசைவலியும் கூடி, இரண்டு வாரத்தில் எல்லாம் கைவிட்டுப் போகும். முதல் இரண்டு மாதத்தை மாத்திரைக்குக் கொடுங்கள். சாப்பாட்டில் அந்தச் சமயத்தில் சர்க்கரையையும் பொரித்ததையும் குறைத்தால் போதும்.

காலைக் காபியும் மாத்திரையும்

தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று டப்பாவில் பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது லிவோதைராக்சின். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கினால் அதில் சுமார் 70 முதல் 80 சதவீதம் உடம்பில் சேரும். வயிற்றில் வேறு ஏதாவது இருந்தால் இந்த அளவு குறையும். எவ்வளவு குறையும் என்பது நாளுக்கு நாள் மாறும். இந்த ஏற்ற இறக்கம்தான் டாக்டரைக் குழப்புகிறது. 75 மைக்ரோகிராம் போதாது என்று 100 ஆக்குவார். உண்மையில் 75-இல் ஒரு பங்கு காபியோடு போயிருக்கும்.

நம் ஊர் வீடுகளில் தைராய்டு மாத்திரைக்குப் பெரிய எதிரி முட்டைகோஸ் இல்லை, காலை ஐந்தரை மணி டிகாக்ஷன் காபி. எழுந்ததும் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டம்ளர் என்று பலருக்குப் பழகிவிட்டது. காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே குறைந்தது 30 நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம் விடவேண்டும். கடுங்காபி, பால் விடாத டீ, கிரீன் டீ எதற்கும் விலக்கு இல்லை. பாலில் கால்சியமும் இருப்பதால் பால் காபி இரட்டைத் தொல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறவர்களும் கவனிக்கவேண்டும்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கூழ் நல்லதுதான், மாத்திரை போட்ட ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நடைமுறையில் எளிய வழி இது. ராத்திரி படுக்கும்போதே மாத்திரை டப்பாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். கண் விழித்ததும் மாத்திரை, ஒரு முழு டம்ளர் தண்ணீர். அதற்குப் பிறகு வாசல் தெளிப்பது, கோலம், குளியல், நடை எல்லாம் முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனால் இடைவெளி தானாகக் கிடைத்துவிடும்.

காபியைத் தள்ளிப்போட முடியாதவர்களும், நெய்வேலி சுரங்கத்திலோ கடலூர் சிப்காட்டிலோ ஷிப்டு மாறி மாறிப் போகிறவர்களும் டாக்டரிடம் கேட்டு, தூங்கப்போகும் முன் போடுவதற்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால் குடிக்கும் வழக்கம் இருந்தால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவராது. ரம்ஜான் நோன்புக் காலத்தில் சஹர் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து போடுவதோ, இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடுவதோ இரண்டும் சரி. எதைத் தேர்ந்தாலும் மாதம் முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

மற்ற மாத்திரைகளுக்கு இடைவெளி இன்னும் அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை சிரப், இவை மூன்றுக்கும் 4 மணி நேரம். இரும்பை மதியச் சாப்பாட்டோடும் கால்சியத்தை இரவு உணவோடும் தள்ளிவிட்டால் மூன்றும் ஒன்றுக்கொன்று இடிக்காது. இரவில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கால்சியத்தைக் காலைக்கு மாற்றவேண்டும். பான்டாபிரசோல் போன்ற வாயு மாத்திரை தினமும் போடுகிறவர்களுக்கு வயிற்று அமிலம் குறைவதால் தைராய்டு மாத்திரை சரியாகச் சேராது. அதற்காக எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம், டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். மலச்சிக்கலுக்கு இசப்கோல் கலக்கிக் குடிப்பவர்கள், தைராய்டு மாத்திரை காலையில் என்றால், அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

லிவோதைராக்சினுக்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. கடலோரத்துப் புழுக்கத்தில் டப்பாவை அடுப்பு மேடை அலமாரியிலோ ஜன்னல் திட்டிலோ வைத்தால் மாத்திரையின் வீரியம் குறையும். படுக்கையறை அலமாரியில், அதே டப்பாவில், மூடி இறுக்கி வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை

மாத்திரை தொடங்கியதும், அளவை மாற்றியதும், கம்பெனி மாறியதும் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்க்கவேண்டும். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் அது; தைராய்டு குறைந்தால் அது ஏறும், மாத்திரை சரியானால் இறங்கும். லிவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால் 15 நாளில் எடுக்கும் பரிசோதனை அரைகுறைக் கணக்கைத்தான் காட்டும். பெரும்பாலான லேப்களில் சரியான அளவு சுமார் 0.4 முதல் 4 வரை என்று அச்சிட்டிருக்கும். வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் டாக்டர் விட்டுவைப்பார்.

ஒவ்வொரு முறையும் ஒரே லேப், காலையில் ஒரே நேரம், அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது என்று வைத்துக்கொண்டால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். முடி உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு 2 நாளாவது முன்பே நிறுத்தவேண்டும். பல லேப் கருவிகளில் பயோட்டின் டி.எஸ்.ஹெச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்தைக் குறைத்தால் வம்பு.

டி.எஸ்.ஹெச். 5, 6, 7 என்று இருந்து, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) சரியாக இருந்தால் பல டாக்டர்கள் மாத்திரையே எழுதமாட்டார்கள். அந்த நிலையில் மாத்திரை எடையைக் குறைப்பதில்லை. 'தைராய்டு இருக்கு, அதான் குண்டு' என்று சொல்லிக்கொள்ளும் பலர் இந்த வகைதான்.

எடை குறையட்டும் என்று 100-ஐ 150 ஆக்கி நீங்களே போட்டுக்கொள்வது ஆபத்து. இதயத் துடிப்பு தாறுமாறாகும், கை நடுங்கும், தூக்கம் போகும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும். குறையும் எடையிலும் தசை ஒரு பங்கு போயிருக்கும்.

உப்பு

மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பைச் சாக்காக வாங்கி வைக்கும் பழக்கம் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கடல் தண்ணீரில் விளைந்த உப்புதானே, அயோடின் இருக்காதா என்று கேட்பார்கள். காய்ந்து உப்பாகும்போது அதில் தங்குவது சொற்பம். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க இந்தியாவில் 2006 முதல் தடை உண்டு. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. இந்துப்புக்கு மாறியவர்களும் இதையே யோசிக்கவேண்டும்.

பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 220 முதல் 250. அயோடின் உப்பு, பால், முட்டை, மீன் இருந்தால் இது கிடைத்துவிடும். அதற்கு மேல் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று போனால் கெடுதல்தான். நம் ஊரில் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அதில் அதிக அயோடின் எரிகிற கொள்ளிக்கு எண்ணெய். உப்பின் மொத்த அளவு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் உள்ள நாளில் குழம்பிலும் பொரியலிலும் உப்பைக் குறைக்காவிட்டால் அடுத்த நாள் தராசில் அரை கிலோ கூடிக் காட்டும். அது நீர்.

தட்டில் என்ன, எவ்வளவு

டி.எஸ்.ஹெச். ஓரளவு இறங்கிய பிறகு இது தொடங்கட்டும். இப்போது சாப்பிடுவதில் 400 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும்; தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு அது நல்ல வேகம். டாக்டர் சொல்லாமல் 1200 கலோரிக்குக் கீழே போகாதீர்கள்.

இந்த 500 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், முதலில் அகப்படுவது எண்ணெய். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. தாளிக்க, தோசைக்கு, பொரியலுக்கு என்று கண்ணால் ஊற்றினால் ஒருவருக்கு 8, 9 டீஸ்பூன் சாதாரணமாகப் போகும். நாளைக்கு ஒருவருக்கு 3 டீஸ்பூன், அதாவது 15 மில்லி என்று வைத்தால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் 1.8 லிட்டர். இரண்டு லிட்டர் வாங்கி, பாக்கெட் பிரித்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். இருபதாம் நாளே தீர்ந்தால் காரணம் தெரிந்துவிடும். நல்லெண்ணெய், செக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் எதுவானாலும் கலோரி ஒன்றேதான்.

அடுத்தது சோறு. வெந்த சோறு 150 கிராம் சுமார் 200 கலோரி. வீட்டில் உள்ள ஒரு கிண்ணத்தில் ஒருமுறை எடை போட்டுப் பார்த்து, அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை போட்டால் 500 கிராம் எளிதில் தாண்டும். சோற்றை நிறுத்தவேண்டாம், ஒரு கிண்ணத்தை மூன்றாகப் பிரித்து, காயைச் சோற்றைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். புழுங்கலரிசியிலிருந்து சிறுதானியத்துக்கு மாறுவதால் மட்டும் கலோரி குறையாது. அரிசியும் கேழ்வரகும் கம்பும் சமைக்காத எடையில் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. நார்ச்சத்து கூடுதல், பசி சற்றுத் தாங்கும், மலச்சிக்கல் குறையும். லாபம் அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் பலர் கோட்டைவிடும் இடம்: புரதம். சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்குப் பசி வந்து பஜ்ஜியில் முடியும். எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம் என்று கணக்கு வையுங்கள். 65 கிலோ என்றால் 65 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி கிடைக்கும்போது வஞ்சிரத்துக்குப் பணம் கொட்டவேண்டிய அவசியம் இல்லை. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம். குழம்பாக வைத்தால் சரி. வறுத்தால் எண்ணெய்க் கணக்கு ஏறும். தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் இரு பக்கமும் சுட்டு எடுப்பது நடு வழி. சைவத்துக்கு முட்டையும் விலக்கு என்றால் பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர் நாலும் தினமும் வேண்டும். சமைக்காத பருப்பு 30 கிராமில் 7 கிராம் புரதம்தான். தெளிவான சாம்பாரில் ஒரு கரண்டிக்கு ஒன்றுமே இராது.

ஒரு நாள் இப்படி அமையும்:

ஐந்தரைக்கு மாத்திரை. ஆறரைக்குக் காபி, சர்க்கரை அரை டீஸ்பூன் அல்லது இல்லாமல். எட்டரைக்கு 3 இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார் அல்லது கத்தரிக்காய் கொத்சு, ஒரு முட்டை. தேங்காய்ச் சட்னி என்றால் 2 டீஸ்பூன் போதும். பதினொன்றுக்கு மோர். ஒன்றரைக்கு ஒரு கிண்ணம் சோறு, 100 கிராம் மீன் போட்ட குழம்பு அல்லது கெட்டிப் பருப்பு, கீரையும் ஒரு பொரியலும் சேர்த்து 2 கிண்ணம், அரைக் கிண்ணம் தயிர். நாலரைக்கு 35 கிராம் கடலையில் செய்த சுண்டல், டீ. எட்டுக்குள் 2 சப்பாத்தி, பாசிப்பருப்புக் கூட்டு. எல்லாம் சேர்ந்து சுமார் 1500 கலோரி, 60 கிராமுக்கு மேல் புரதம். உயரமானவர்களும் உடல் உழைப்பு உள்ளவர்களும் மதியம் இன்னும் அரைக் கிண்ணம் சோறு சேர்க்கலாம்.

வெளியே சாப்பிடும் நாள் கணக்கைக் கெடுக்கும். சால்னாவோடு இரண்டு பரோட்டா 600 கலோரியைத் தாண்டும். புதுச்சேரி பேக்கரிகளில் பஃப்ஸும் க்ரோசானும் அடுக்கடுக்காக வருவதே வெண்ணெயாலும் டால்டாவாலும்தான். பண்ருட்டிப் பலா சீசனில் நாலைந்து சுளை, சுமார் 100 கிராம், 100 கலோரி. மாலைச் சுண்டலுக்குப் பதில் சாப்பிடலாம். முந்திரி 30 கிராமிலேயே 165 கலோரி. டப்பாவோடு மடியில் வைத்தால் தெரியாது.

சாப்பிடவே கூடாதாமே?

முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, மரவள்ளிக்கிழங்கு, கம்பு, சோயா. வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல் இது. இவற்றில் உள்ள சில பொருட்கள் சுரப்பி அயோடினை எடுப்பதையோ ஹார்மோன் செய்வதையோ தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது பெரிதாகத் தெரிவது அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களில், அதே உணவை மலைமலையாகத் தின்னும்போது. முட்டைகோஸும் காலிஃபிளவரும் வேகவைத்தால் அந்தப் பொருள் பெருமளவு குறைந்துவிடும். தவிர, ஹார்மோன் மாத்திரையாக வெளியிலிருந்து வருகிறது. ஆபரேஷனில் சுரப்பியையே எடுத்துவிட்டவருக்கு முட்டைகோஸ் பொரியல் எதைத் தடுக்கப்போகிறது? வாரம் இரண்டு மூன்று நாள் சமைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாக அரைத்த ஜூஸை மட்டும் தவிருங்கள். கம்பங்கூழ் தினமும் மூன்று வேளையும் வேண்டாம், ஒரு வேளை பரவாயில்லை.

சோயா விஷயம் வேறு. மீல் மேக்கரும் சோயா மாவும் சுரப்பியைவிட மாத்திரையைத்தான் தொந்தரவு செய்கின்றன. குடலில் அது சேர்வதைக் குறைக்கும். மாத்திரையிலிருந்து சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடலாம். எடைக் குறைப்புப் பவுடர் டப்பாக்களில் சோயா புரதம் இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். அதைக் காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்து, டி.எஸ்.ஹெச். ஏறுகிறவர்கள் உண்டு.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. டி.எஸ்.ஹெச். உயரமாக இருக்கும்போது தசை சீக்கிரம் களைத்து வலிக்கும் என்பதால் முதல் வாரம் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7:30 வரை வண்டி வராது. கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. மணலில் வேகமாக நடந்தால் கணுக்காலும் குதிகாலும் வலிக்கும், ஆரம்பத்தில் சாலையோரமே நல்லது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, மூன்று சுற்று. குறைந்த சாப்பாட்டில் தசை கரையாமல் காப்பது இதுதான். அரை மணி நேர நடையில் கரைவது 120, 150 கலோரி. திரும்பும் வழியில் ஒரு பஃப்ஸ் அதைவிட அதிகம்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சு முட்டலோ வந்தால் நடையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையே 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் மெல்லத் தொடங்குவது இதனால்தான்.

எடை நின்றுபோனால்

தினமும் தராசில் ஏறி நொந்துகொள்ளாதீர்கள். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில். கூடவே தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90-க்கும் கீழே வருவது நோக்கம். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒரு கிலோ நீர் ஏறும், அந்த வார எடையைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

நாலு வாரம் இடுப்பும் எடையும் இரண்டுமே அசையவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது, காபி இடைவெளி குறைந்துவிட்டதா, எண்ணெய் டப்பா எந்தத் தேதியில் தீர்ந்தது, குழந்தைகள் மிச்சம் வைத்ததை யார் முடிக்கிறார்கள். நாலும் சரியாக இருந்தால் டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) கூட இருக்கலாம். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனால் எடைக் குறைப்பை அன்றே நிறுத்திவிட்டுக் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். உறுதியானால் அதே வாரம் டாக்டரைப் பார்க்கவேண்டும். கர்ப்பத்தில் மாத்திரையின் தேவை சுமார் 25 முதல் 30 சதவீதம் கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் மூன்று மாதம் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம்.

எடை நன்றாக இறங்கினாலும் ஒரு பரிசோதனை உண்டு. மாத்திரையின் அளவு உடல் எடையைப் பொறுத்தது; சுரப்பி முற்றிலும் ஓய்ந்தவருக்குக் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம். 80 கிலோவுக்கு எழுதிய அளவு 70 கிலோவில் அதிகமாகிவிடலாம். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை வந்தாலும், வராமலே 8 அல்லது 10 கிலோ குறைந்திருந்தாலும் டி.எஸ்.ஹெச். எடுத்துக்கொண்டு போய் அளவைத் திருத்தச் சொல்லுங்கள்.